சும்மா மலை பார்க்க வந்தோம்

பிக்கரிங்,
2024 ஆடி 14, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நிரோஷினிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். எல்லாரும் என்று சொல்ல இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன். அட்சயா வெள்ளிக்கிழமை வாட்டர்லூவிலிருந்து வந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், கடைக்குப் போனாள், ஒரு கிழமைக்குச் சமைத்து வைத்துவிட்டு இன்று பின்னேரம் போய்விட்டாள். உம்முடைய தக்காளிக் கன்றுகள் என் கவனிப்பையும் மீறிக் காய்த்திருக்கின்றன. டேகெயாரிலிருந்து கிளடிஸ் இரண்டு தரம் எடுத்தார். ஆவணி முடியும்வரை உமக்குப் பதிலாக ஆள் போட்டிருக்கிறார்களாம், அவசரம் இல்லையாம். பிரஷர் குளிசை மூன்று கிழமைக்குத்தானே கொண்டுபோனீர். இப்போது என்ன செய்கிறீர்? அங்கே ஒரு டொக்டரிடம் காட்டினீரா? இதற்கு மட்டுமாவது அட்சயாவிடம் பதில் சொல்லிவிடும்.

கையால் தமிழில் கடிதம் எழுதி இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகிறது. கடைசியாக எழுதியதும் உமக்குத்தான், கலியாணத்துக்கு முன்னம். நாலு பக்கமும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன் என்று பிறகு நீர் சொல்லிச் சிரித்தீர். இப்போதும் என் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளும்.

ஆறு கிழமையாக நீர் என் ஃபோனை எடுப்பதில்லை. அட்சயாவிடம் சொல்லி அனுப்பினீர்: "அப்பாவை எழுதச் சொல்லு. ஃபோனிலை எண்டால் அவரே கதைச்சுக்கொண்டிருப்பார்." அவள் அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தபோது, அதில் பிழை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. என்ன எழுதவேண்டும் என்றும் சொல்லியிருந்தீர். "நான் இத்தாலியிலை நிண்ட பதினொரு மாதத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அதை எழுதினால் காணும்."

முதல் தரம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வந்தது இவ்வளவுதான். கனடாவுக்கு வருகிற வழியில், காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் உம்மை இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்தில் விட்டுவிட்டான். அங்கே சரியான குளிர். ஒரு அம்மா உம்மைப் பார்த்துக்கொண்டார். மூன்று வசனம். இருபத்தைந்து வருசம் ஒரே வீட்டில் சோறு தின்றவனுக்கு மூன்று வசனம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீர் சொல்லாததால் எனக்குத் தெரியாமல் போகவில்லை. சொல்ல வந்தீர். கலியாணம் முடிந்த முதல் கிழமை, ஸ்காபரோவில் அந்த ஏழாம் மாடி அப்பார்ட்மென்டில், துவாய்களை மடித்து வைத்துக்கொண்டே தொடங்கினீர். நான்தான் மறித்தேன். என்ன சொன்னேன் என்பது சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "உந்தக் கதையை ஒருத்தரிட்டையும் சொல்லாதையும். அம்மாவுக்கும் தெரியவேண்டாம். கொழும்பிலையிருந்து நேரே வந்தனீர் எண்டே இருக்கட்டும்." ஒரு பெட்டை தனியாகப் பதினொரு மாதம் எங்கே நின்றாள், யாரோடு நின்றாள் என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்டவர்கள் நாற்பது பேருக்குச் சொல்வார்கள் என்று பயந்தேன். உம்முடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காப்பாற்றியது என்னுடைய பெயரை. நீர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தீர். பிறகு மிச்சத் துவாய்களையும் மடித்தீர். அதற்குப் பிறகு நீர் அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

மார்கழி மாதத்தில் அந்த அம்மா அனுப்புகிற வாழ்த்து அட்டையும் அப்படித்தான். என் அம்மா நம்மோடு இருந்த காலம். இது எந்த வெள்ளைக்காரி, என்னத்துக்கு உனக்கு எழுதுகிறாள் என்று அம்மா கேட்க, நான் உம்மைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இனி அனுப்பவேண்டாம் என்று எழுதச் சொன்னேன். அடுத்த வருசம் அட்டை வரவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். போன செவ்வாய்தான் கிளடிஸ் பேச்சுவாக்கில் சொன்னார், ஒவ்வொரு மார்கழியும் அது டேகெயாருக்கு வருகிறதாம். பிள்ளைகள் கீறிய படங்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுவீராம். பதினாறு வருசமாக மூன்று வயதுப் பிள்ளைகள் எல்லாம் பார்த்த அட்டையை நான் மட்டும் பார்க்கவில்லை.

இனிப் பயணத்தைப் பற்றி எழுதவேண்டும். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

கலியாணத்தின் இருபத்தைந்தாம் வருசத்துக்கு மண்டபம் எடுத்து முந்நூறு பேரைக் கூப்பிடலாம் என்றேன் நான். நீர் இத்தாலி என்றீர். ஒரு கிழமை, ஒரு சின்னக் கார், நாம் இரண்டு பேர் மட்டும். ஒரேயொரு நிபந்தனை வைத்தீர். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அந்த அம்மாவின் பழைய வீட்டில் நிற்கவேண்டும், வேறு எங்கே போனாலும் போகாவிட்டாலும் எனக்குச் சரி என்றீர். அந்த அம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு வயது, கீழே பட்டணத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், உமக்காக மகன் அந்த ஒரு நாள் மட்டும் அவரை மேலே வீட்டுக்குக் கூட்டிவருகிறார் என்பதையெல்லாம் விளக்கமாகச் சொன்னீர். நான் ஓம் என்றேன். நான் யாருக்குத்தான் ஓம் சொல்லவில்லை. கோயிலில் கதிரை அடுக்கவும் ஓம், பழைய மாணவர் சங்கத்துக்கு ரிக்கற் விற்கவும் ஓம். பொன்னம்பலம் அண்ணை பார்சலைக் கொண்டுவந்து நீட்டியபோதும் ஓம்.

அந்தப் பார்சலைப் பற்றி நீர் அன்றைக்கே கேட்டீர். நமது ஆட்கள் பிளேன் ஏறுகிறார்கள் என்றால் கையில் ஒரு பார்சல் இல்லாமல் விடமாட்டார்கள், அது உமக்கும் தெரியும். அண்ணையின் தங்கை மகள் செரீனா இத்தாலியில் ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறாள், மலைப்பக்கம்தான், நீங்கள் போகிற வழிதான் என்றார். வழியா என்று நான் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை. மிளகாய்த்தூளும் ஒரு சேலையும் எள்ளுப்பாகும், நாலு கிலோ இருக்கும். அந்த நாலு கிலோவுக்காக நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

முதல் நாலு நாளும் நல்லாய்த்தான் இருந்தது, இல்லையா? அப்ருஸ்ஸோ மலைகளில் அந்தச் சின்னக் காரை கியர் மாற்றி மாற்றி ஏற்றினேன், 401 பெருந்தெருவில் இருபத்தெட்டு வருசம் ஓடிய கால் அங்கே தடுமாறியது. ஒரு வளைவில் ஆட்டுக்கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது, நான் ஹோர்ன் அடிக்கப் போக நீர் என் கையைப் பிடித்தீர். பெற்றோல் அடிக்கிற இடத்தில் நீர் இறங்கிப்போய் அந்த மனுசனோடு இத்தாலியனில் கதைத்தீர். அவன் சிரித்தான், நீரும் சிரித்தீர், வழி கேட்டீர், அவன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னான். நான் வாயைப் பிளந்துகொண்டு காரில் இருந்தேன். உது எங்கே படித்தனீர் என்று கேட்டேன். அப்போது சொன்னீர், "பதினொரு மாதமும் நான் வாயை மூடிக்கொண்டே இருந்தனான் எண்டு நினைச்சீங்களோ?" கோபமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் மேலே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஹோட்டலில் காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு செரீனாவின் வாசலில் நின்றோம். பத்து நிமிசம், பார்சலைக் கொடுத்துவிட்டு வெளிக்கிடுவோம் என்று உமக்குச் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளை மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பருப்பு என்று விடியக்காலையிலேயே தொடங்கியிருக்கிறாள். சாப்பிடாமல் போனால் மாமா தன்னை ஏசுவார் என்றாள். நீர் என்னைப் பார்த்தீர். நான் உட்கார்ந்தேன். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், அவரை உமக்குத் தெரியுமா, இவர் எனக்கு என்ன முறை என்று கதை போனது. பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. நீர் என் முழங்கையை இரண்டு தரம் தொட்டீர்.

இதுவரைக்கும் நடந்ததை, மரியாதைக்காக உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பலாம். நானும் பிளேனில் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. எங்களுக்காக ஒரு வயது போன அம்மா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், சோற்றைக் கட்டித் தந்து ஓடிப்போங்கோ என்றிருப்பாள். அவள் கேட்கவும் கேட்டாள். "அண்ணை, உந்த மலைக்குள்ளை ஆரும் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமோ?" நீர் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர். அதை நான் கண்டேன். கண்டுகொண்டுதான் சொன்னேன், "ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. சும்மா மலை பாக்க வந்தனாங்கள்."

செரீனாவுக்குச் சொன்னால் பொன்னம்பலம் அண்ணைக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரியும். உமக்கு நாற்பத்தொன்பது வயது. என் அம்மா செத்துப் பதினொரு வருசம். அப்படியிருந்தும் அந்த மேசையில் என் புத்தி அங்கேதான் போனது. நீர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிக் காருக்குப் போனீர். அக்காவுக்குச் சுகமில்லையோ என்று அவள் கேட்டாள். வெயில் என்றேன். நீர் வெறும் வயிற்றோடு காருக்குள் இருக்க, நான் கணவாய்ப் பிரட்டலை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வெளிக்கிட இரண்டரை. பழைய ரோட்டால் போங்கோ என்றீர். நான் ஃபோன் காட்டிய வழியால் போனேன். சுரங்கப்பாதையில் வேலை நடந்துகொண்டிருந்தது, திருப்பி அனுப்பினார்கள், அதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. நீர் அந்த மகனோடு ஃபோனில் கதைத்தீர். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் மன்னிப்புக் கேட்கிறீர் என்பது விளங்கியது. என் பிழைக்கு நீர் மன்னிப்புக் கேட்டீர். நாம் போய்ச் சேர்ந்தபோது ஆறேகால். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் திறப்பை வாங்கி வைத்திருந்து திறந்துவிட்டார். மேசையில் நமக்கு வைத்த இரண்டு தட்டும் துடைத்தது துடைத்தபடி இருந்தன. அந்த அம்மா மூன்று மணிவரைக்கும் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், ஐந்து மணிக்குக் களைத்துப்போய் அழத் தொடங்க மகன் கீழே கொண்டுபோய்விட்டாராம். நீர் அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னீர், ஒரு செய்தி வாசிக்கிறவரைப் போல. முதியோர் இல்லத்தில் அந்த நேரம் யாரையும் விடமாட்டார்களாம். அடுத்த நாள் பகல் நமக்கு பிளேன். அப்போதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த வருசம் வருவோம் என்றேன்.

எண்பத்தேழு வயது மனுசிக்கு அடுத்த வருசம்.

ரோமுக்கு வந்தோம். எயார்போட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் சொன்னீர், நீங்கள் போங்கோ, நான் நிற்கிறேன் என்று. நான் சுற்றிவரப் பார்த்தேன், நமது ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று. அதையும் நீர் கண்டிருப்பீர்.

நேற்றிரவு அட்சயாவிடம் கேட்டேன், அம்மாவின் அந்தக் காலத்தைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்று. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தை மாதப் பனியில் ஏஜென்சிக்காரன் உங்கள் நாலு பேரையும் வானோடு ரோட்டோரம் விட்டுவிட்டு ஓடியது. நாலு பேரையும் அந்த அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனது. மற்ற மூன்று பேரும் ஒரு கிழமையில் வேறு வழியாகப் போக, உமக்கு நெஞ்சில் சளி கட்டி எழும்ப முடியாமல் கிடந்தது. பொலிஸ் வந்தபோது என் வீட்டு வேலைக்கு வந்த பிள்ளை என்று அந்த அம்மா சொன்னது. பங்குனியில் எழும்பி நடந்தது, ஆட்டுப்பால் காய்ச்சி சீஸ் கட்டியாக்கப் பழகியது. அந்த அம்மாவுக்கு ஒரு மகள் இருந்து சின்ன வயதில் செத்தது. கனடாவுக்குப் போகவேண்டாம், என்னோடு இரு என்று அவர் கேட்டது. நீர் ஒரு மாதம் யோசித்தது. ஒரு மாதம் யோசித்தீரா, நிரோஷினி? எனக்கு உம்மைப் பேசிவைத்திருந்த மாதம் அது.

அட்சயா பதினாறு வயதில் நீச்சல் வகுப்புக்குப் போய்வருகிற வழியில் காருக்குள் கேட்ட கதையாம். ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லக்கூடாது எண்டு அம்மா சொல்லேல்லை. நீங்கள் கேட்டால் சொல்லச் சொன்னவ," என்றாள். பிறகு எழும்பிப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள். அவள் மூலம்தான் மற்றதும் தெரியும். நாளும் காலையில் அந்த இல்லத்துக்குப் போய் அந்த அம்மாவுக்கு சூப் பருக்குகிறீராம். சில நாள் உம்மைத் தெரிகிறதாம், சில நாள் செத்துப்போன மகளின் பெயரால் கூப்பிடுகிறாராம். நீர் அதற்கும் ஓம் என்கிறீராம்.

இன்று காலை பொன்னம்பலம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணையும் புனிதவதி அக்காவும் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், பதினொரு மாதத்தையும், செரீனா வீட்டில் நான் சொன்ன பொய்யையும். அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார், "தம்பி, நான் உக்ரேனிலை ஒரு கோழிப் பண்ணையிலை ஏழு மாதம் இருந்தனான். எங்கடை கலியாண வீட்டிலையே எல்லாருக்கும் சொன்னனான். நீர் ஏன் மறைச்சனீர்?" அண்ணை மெதுவாகக் கேட்டார், "ஆராவது உம்மைக் கேட்டவையோ?" ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருசத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது முதலில் ஒரு நிம்மதி வந்தது, அடச்சீ, இதற்காகவா பயந்தேன் என்று. ரூஜ் ஆற்றுப் பாலம் தாண்ட முன்னமே அந்த நிம்மதி போய்விட்டது. அவர்கள் முகம் சுளித்திருந்தால் நான் மறைத்தது சரியாகிவிடுமா? ஊர் முழுக்கச் சிரித்திருந்தாலும் அந்த மேசையில் நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு அம்மா இருக்கிறார், அவரில்லாவிட்டால் இன்றைக்கு என் மனிசி இல்லை, அவரைப் பார்க்கத்தான் வந்தோம் என்று. அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் நீர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தீர்.

திரும்பி வாரும் என்று இதில் எழுதமாட்டேன். அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. வேலையில் மூன்று கிழமை லீவு கேட்டு வைத்திருக்கிறேன். நீர் வரச் சொன்னால் வருவேன், சொல்லாவிட்டால் இங்கே தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். வந்தால் பக்கத்தில் ஒரு கதிரையில் இருக்கிறேன், கதைக்க மாட்டேன். அந்த அம்மாவுக்கு நோவில்லாத நாள்கள் இன்னும் கொஞ்சம் கிடைக்கவேண்டும், அந்த நாள்களில் அவருக்கு உம்மைத் தெரியவேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். குளிசையை விடாதையும்.

ஒன்று கவனித்திருப்பீர். இந்தக் கடிதம் முழுக்க அந்த அம்மா, அந்த அம்மா என்றே எழுதியிருக்கிறேன். எனக்கு அவருடைய பெயர் தெரியாது. நேற்று அட்சயா சொல்ல வாயெடுத்தாள், நான் மறித்துவிட்டேன். கிளடிஸைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்தத் துவாய்களை மடித்த நாளில் நான் உம்மிடம் கேட்டிருக்கவேண்டியது அது, உம்மிடம்தான் கேட்கவேண்டும். அவருடைய பெயர் என்ன, நிரோஷினி?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜனார்த்தன்